கேள்விக் கருவிகளும் தமிழ் வகுப்பறையும்

கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அமைத்த திருவள்ளுவர், அவற்றை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். நூல்களைத் தாமே ஓதி உணர இயலாதவரும் கற்றறிந்தார் வாய்மொழியைக் கேட்டு அறிவு பெறலாம் என்பது அதன் கருத்து. ஏடுகள் அரியனவாகவும் செவியே அறிவின் பெருவாயிலாகவும் இருந்த காலத்தில் எழுந்த கருத்து அது. அச்சு நூல்கள் மலிந்துவிட்ட இக்காலத்திலும் தொடக்கப்பள்ளியைப் பொறுத்தவரை நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. முதலாம் ஆண்டு மாணாக்கன் எழுத்தின் வடிவைக் கண்ணால் காணுமுன் அதன் ஒலியைச் செவியால் கேட்கிறான், கேட்டதைச் சொல்கிறான், சொன்னதை எழுதுகிறான். அவ்வாயில் பாதி அடைபட்டிருக்கும் குழந்தைக்கு என்ன வழி? இவ்வினாவுக்கு மாந்தர் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வந்துள்ளனர். அத்தேடலின் வரலாறு தமிழாசிரியர் அறிந்திருக்கத்தக்கது.

வாய்க்கும் செவிக்கும் இடைப்பட்ட தொலைவு

ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் யோங் பெங்குக்கும் இடையே, பழைய நெடுஞ்சாலையின்மேல் அமைந்த சிற்றூர் சாஆ. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும் வளர்ந்த தோட்டங்கள். இத்தகைய தோட்டங்களில் முற்காலத்தில் இருந்த தமிழ்ப்பள்ளிகள் பெரும்பாலும் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்டவை. ஒரே கூடத்தின் ஒரு மூலையில் வாய்ப்பாடு முழங்கும்; மற்றொரு மூலையில் ஆத்திசூடி ஒலிக்கும். பருவமழை தகரத்தின்மேல் கொட்டத் தொடங்கினால் ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு மழை ஓயும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்பள்ளிகளுள் பல இன்று கல்லால் கட்டிய நல்ல கட்டடங்களாக மாறிவிட்டன. ஆயினும், வகுப்பறையில் குரலை வெல்லும் பகைகள் மூன்றும் மாறவில்லை. அவை தொலைவு, இரைச்சல், எதிரொலி என்பன.

ஒருவர் இயல்பாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 60 முதல் 65 டெசிபெல் அளவினதாக இருக்கும். திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகுந்தோறும் அதில் 6 டெசிபெல் குறையும். இக்கணக்கின்படி எட்டு மீட்டர் தொலைவில் 18 டெசிபெல் குறைந்துவிடும். வகுப்பறையின் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இழப்பு இவ்வளவு மிகுவதில்லை. ஆனால் திரும்பி வரும் ஒலி, அடுத்துவரும் சொல்லின்மேல் படிந்து அதனை மழுக்கிவிடும். மின்விசிறியின் ஓசையும் பலகை நகரும் ஓசையும் பின்வரிசைக்கு வந்து சேரும் மெலிந்த குரலோடு போட்டியிடும். மொழியை முற்றக் கற்ற பெரியவர்கள் கேளாத எழுத்தைத் தம் அறிவால் நிரப்பிக்கொள்வர். மொழியை இனிமேல்தான் கற்கவிருக்கும் குழந்தை எதைக்கொண்டு நிரப்பும்?

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, கேட்கும் திறன் 20 டெசிபெல் அளவுக்குக் குன்றினாலே அதைக் குறை எனக் கொள்கிறது. மறுவாழ்வுப் பயிற்சியும் உதவியும் வேண்டிய நிலையில் உலகில் 43 கோடிப் பேர் உள்ளனர் என்றும், அவர்களுள் 3 கோடியே 40 இலட்சம் பேர் சிறுவர் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளின் செவிக்குறைகளில் 60 விழுக்காடு தடுக்கக்கூடியவை என்பதும் அதன் முடிபு. முற்றிலும் கேளாத குழந்தையை வீட்டாரே கண்டுகொள்வர். சிறிதளவு குன்றிய குழந்தையை எளிதில் கண்டுகொள்வார் இல்லை. அது கூப்பிட்டால் திரும்பும்; பேசும்; சிரிக்கும். ஆனால் சொல்வதெழுதுதலில் தவறும்; கேட்ட வினாவுக்கு வேறு விடை கூறும். ‘மந்தம்’ என்ற சொல் அதன்மேல் விழுந்துவிடும். பின்வரிசைக்கு அனுப்பப்படும் அக்குழந்தைக்குத் தொலைவு மேலும் கூடும். கேள்வி மேலும் குறையும்.

கையும் வாயும்

கேளாதவர்க்குக் கல்வி இல்லை என்பதே பண்டை நாடுகள் பலவற்றின் எண்ணமாக இருந்தது. அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியவர்களுள் முதல்வராக வைத்து எண்ணப்படுபவர் பதினாறாம் நூற்றாண்டில் இசுப்பானிய நாட்டு மடம் ஒன்றில் வாழ்ந்த பெத்ரோ போன்சே தெ லெயோன் என்னும் துறவி. செவிப்புலனற்ற செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் எழுத்தும் பேச்சும் கற்பித்தார். 1620-இல் அந்நாட்டு ஹுவான் பாப்லோ போனெத், இக்கல்வி பற்றிய நூலொன்றைக் கையெழுத்து முறையின் படங்களோடு அச்சிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசு நகரத்தில் அபே தெ லெப்பே என்னும் பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி நடத்தி, அவர்கள் தமக்குள் வழங்கிய சைகைகளையே கல்வியின் வாயிலாக்கினார். 1778-இல் லைப்சிக் நகரில் பள்ளி தொடங்கிய சாமுவேல் ஹைனிக்கே, வாய்ப்பேச்சே கல்விக்கு உரிய வழி என வாதிட்டார். அன்று தொடங்கிய கை வழி, வாய் வழி என்னும் பூசல் இருநூறு ஆண்டு நீடித்தது.

வாய் வழியினர் ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே பிறக்கிறது என்பதைக் குழந்தைக்குக் காட்டினர். தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என ஓர் இயலே வகுத்து, தலை முதலிய எட்டிடங்களில் காற்றுப் பொருந்தி எழுத்துகள் தோன்றும் முறையை விளக்கியுள்ளார். மேல்நாட்டில் 1867-இல் அலெக்சாண்டர் மெல்வில் பெல் என்பவர் நாவும் இதழும் நிற்கும் நிலைகளைக் குறிகளால் எழுதிக்காட்டும் ‘காணும் பேச்சு’ என்னும் முறையை வெளியிட்டார். அவருடைய மகனே தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல். அவருக்குத் தாயும் மனைவியும் செவிப்புலன் இழந்தவர்கள். அவரே செவிப்புலனற்றோர்க்குப் பேச்சுக் கற்பித்த ஆசிரியர். 1876-இல் அவர் பெற்ற தொலைபேசி உரிமத்திலிருந்தே பின்னாளைய காதுக்கருவிகளின் மரபு தொடங்குகிறது.

1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வகுப்பறையில் வாய்மொழியே சிறந்தது எனத் தீர்மானித்தது. வந்திருந்த 164 பேராளருள் செவிப்புலனற்றவர் ஒரே ஒருவர். யாருடைய கல்வியைப் பற்றிப் பேசினார்களோ அவர்களைக் கேளாமலே எடுத்த முடிவு அது. அதன் பின்னர் நாடு பலவற்றிலும் சைகை வகுப்பறையிலிருந்து விலக்கப்பட்டது. சைகை கற்பித்த செவிப்புலனற்ற ஆசிரியர் பலர் வேலையிழந்தனர். 2010-இல் வான்கூவர் நகரில் கூடிய அதே வரிசை மாநாடு அத்தீர்மானங்களைப் புறந்தள்ளி வருத்தம் தெரிவித்தது. இடையே சென்றவை 130 ஆண்டுகள்.

தமிழ்நிலத்திலும் இக்கல்வி காலந்தாழ்ந்து வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவெயின்சன் என்னும் அம்மையார் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. இலங்கையில் மேரி சாப்மன் அம்மையார் 1912-இல் நிறுவிய பள்ளி இரத்மலானையில் வளர்ந்தது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்டு பள்ளி 1956-இல் எழுந்தது. 1969-இல் சென்னையில் தோன்றிய பால வித்யாலயா, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காதுக்கருவியின் துணையோடு பேச்சுப் பயிற்சி அளிக்கலாயிற்று.

கருவிகள் வளர்ந்த வரலாறு

செவியின் அருகே கையைக் குவிப்பதே முதற்கருவி. அதனை நீட்டியதே ஊதுகுழல் வடிவிலான செவிக்குழல். இசைமேதை பேத்தோவன் பயன்படுத்திய செவிக்குழல்கள் இன்றும் காட்சிக்கு உள்ளன. குழல் ஒலியைச் சேர்க்குமேயன்றிப் பெருக்காது. மின்னாற்றலால் ஒலியைப் பெருக்கும் கருவியை 1898-இல் அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன் அமைத்தார். தொலைபேசியின் கரித்தூள் ஒலிவாங்கியே அதன் உயிர். 1920-களில் வெற்றிடக் குழாய்கள் வந்தபின் ஒலிப்பெருக்கம் மிகுந்தது; கூடவே மின்கலங்களின் சுமையும் மிகுந்தது. பிரிட்டனில் 1948-இல் தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியபோது ‘மெட்ரெஸ்கோ’ என்னும் கருவி மக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. அதை உடலில் அணிந்துகொள்ள வேண்டும். மின்கலங்களைத் தனியே சுமக்க வேண்டும்.

1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. கிரகாம் பெல்லின் நினைவைப் போற்றி, காதுக்கருவி செய்வோரிடம் அதற்கு உரிமத்தொகை பெறுவதில்லை என அந்நிறுவனம் முடிவுசெய்தது. அதன் பயனாக 1952 இறுதியிலேயே டிரான்சிஸ்டர் பொருத்திய காதுக்கருவி விற்பனைக்கு வந்துவிட்டது. பொதுமக்கள் டிரான்சிஸ்டர் வானொலியைக் கையில் ஏந்தியது 1954-இல்தான். புதுப்பொருள் ஒன்று பாட்டுக் கேட்போரை அடையுமுன் காது கேளாதோரை அடைந்தது அரிய நிகழ்ச்சி.

காதுக்கருவி சிறுத்துச் சிறுத்துக் காதின் பின்னே ஒளிந்துகொண்டது. 1996-ஐ ஒட்டி இலக்கமுறைக் கருவிகள் பரவி, அவரவர் குறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்தித் தரலாயின. நரம்புக்கே மின்துடிப்பைச் செலுத்தும் உட்செவிப் பதியம் 1957-இல் பாரிசில் செய்த ஆய்வில் முளைத்தது. 1978-இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் செய்த அறுவையால் வலுப்பெற்றது. மலேசியாவில் அச்சிகிச்சையைத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1995-இல் தொடங்கினர். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு அரசின் காப்பீட்டுத் திட்டம் அதற்கு வழி செய்துள்ளது.

இத்தனை வளர்ச்சியிலும் ஒரு குறை தீரவில்லை. காதுக்கருவி, ஆசிரியர் குரலையும் அருகிலிருப்பவன் பலகையை இழுக்கும் ஓசையையும் சேர்த்தே பெருக்குகிறது. பேசுபவர் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருந்தால் நன்கு உதவும். எட்டு மீட்டர் அப்பால் இருந்தால் தடுமாறும். ஆகவே, வகுப்பறைக்கென வேறு வகைக் கருவிகள் எழுந்தன. முதலில் ஆசிரியர் முன் ஓர் ஒலிவாங்கியும் மாணாக்கர் பலகைகளில் கம்பியால் இணைத்த செவிப்பேசிகளும் வந்தன. பிறகு அறையைச் சுற்றிக் கம்பி வளையம் பதித்து, காந்தப்புலத்தின் வழியே குரலைக் காதுக்கருவிக்குள் செலுத்தினர். அதன்பின் பண்பலை வானொலி முறை வந்தது. ஆசிரியர் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் சிறிய ஒலிவாங்கி ஒன்றை அணிகிறார். குரல் வானலையாக மாறி, குழந்தையின் காதில் உள்ள வாங்கியை நேரே அடைகிறது. குழந்தை கடைசி வரிசையில் இருந்தாலும் ஆசிரியர் அதன் செவியருகே நின்று பேசுவது போலாகிறது. இன்று அதன் இடத்தை இலக்கமுறை அலைகள் பெற்று வருகின்றன. தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கித் திரையில் காட்டும் கைப்பேசிச் செயலிகளும் வந்துவிட்டன. ஆயினும் கூச்சல் மிகுந்த வகுப்பில் அவையும் பிழைபட எழுதும். அவற்றுக்கும் வாயருகே ஓர் ஒலிவாங்கி வேண்டும்.

பினாங்கு கற்பித்த பாடம்

மலாயாவில் அவசரகாலச் சட்டம் நடைமுறையிலிருந்த 1954-ஆம் ஆண்டில், உயர் ஆணையரின் துணைவியார் லேடி டெம்பிளரின் ஊக்கத்தால், பினாங்கில் கூட்டரசுச் செவிப்புலனற்றோர் பள்ளி தொடங்கியது. பின்னர் அது தஞ்சோங் பூங்காவில் நிலைபெற்றது. நாட்டில் இவ்வகையில் முதற்பள்ளி அதுவே. அதே ஆண்டு சிங்கப்பூரில், செவிப்புலனற்றவரான பெங் ட்சு யிங், சீனப் பிள்ளைகளுக்குச் சைகை வழிப் பள்ளி தொடங்கினார். சாஆவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்து காது கேளாது வளர்ந்த தமிழ்க் குழந்தையின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அருகிலிருந்த சிங்கப்பூர்ப் பள்ளி சீனமொழிப் பள்ளி. பினாங்கோ 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. இரண்டும் தமிழ்வழிப் பள்ளிகள் அல்ல. பால்மரம் வெட்டிப் பிழைத்த பெற்றோர்க்கு அத்தொலைவு கடத்தற்கரியது.

பினாங்குப் பள்ளி மிலான் மரபைப் பின்பற்றி வாய் வழியையே கைக்கொண்டது. ஆனால் வகுப்பறைக்கு வெளியே நடந்தது வேறு. பிள்ளைகள் தமக்குள் கைகளாலேயே பேசிக்கொண்டனர். யாரும் கற்பிக்காமல், ஆசிரியர் ஒப்புதலும் இல்லாமல், அவர்களிடையே ஒரு மொழி வளர்ந்தது. மொழி ஆராய்வோர் இன்று அதனைப் பினாங்குச் சைகைமொழி என்றே பெயரிட்டு வழங்குகின்றனர். அதனைக் கையாளும் முதியோர் இன்றும் உள்ளனர். குழந்தைகளுக்குக் காதில் வேண்டிய அளவு மொழி கிடைக்காதபோது, கையில் அதனைத் தாமே ஆக்கிக்கொண்டனர் என்பது இதனால் விளங்கும்.

1970-களின் நடுவில் அமெரிக்கக் காலொடெட் கல்லூரியிலிருந்து வந்த செவிப்புலனற்ற பேராசிரியை பிரான்செஸ் பார்சன்ஸ், பேச்சு, காதுக்கருவி, இதழசைவு, சைகை, எழுத்து ஆகிய யாவற்றையும் சேர்த்து வழங்கும் முழுத்தொடர்பு முறையை வலியுறுத்தினார். மலேசியக் கல்வித்துறை அதனை ஏற்றது. மலாய்மொழி இலக்கணத்தைத் தழுவிய கைக்குறியீட்டு நூல் 1985-இல் வெளிவந்தது. 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம், மலேசியச் சைகைமொழியைச் செவிப்புலனற்றோரின் அதிகாரமொழியாக ஏற்றது.

இவ்வரலாற்றிலிருந்து பெறும் பாடம் ஒன்று உண்டு. கருவி வந்துவிட்டது, இனிக் கைவேண்டா என்று கூறியபோதெல்லாம் இழந்தவர்கள் குழந்தைகளே. குறை மிகுந்த குழந்தைக்குச் சைகையும் வேண்டும். குறை சிறிதான குழந்தைக்குக் கருவியும் அண்மையும் வேண்டும். எக்குழந்தைக்கு எது என்று முன்னதாக அறிவதே முதல் வேலை.

தமிழ் வகுப்பில் கேளாமற்போவன

அவ்வேலையில் தமிழாசிரியர்க்குத் தனிப் பங்கு உண்டு. ஏனெனில், தமிழின் இலக்கணம் பெரும்பாலும் சொல்லின் இறுதியில் நிற்கிறது. பேசுபவர் குரல் தாழ்வதும் அவ்விறுதியிலேயே. ‘மரத்தில்’ என்பதற்கும் ‘மரத்தின்’ என்பதற்கும் வேறுபாடு ஒற்றொன்றே. ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தார்’ என்னும் மூன்றும் ஈற்றெழுத்தால் மட்டுமே பிரிகின்றன. செவி குன்றிய குழந்தைக்கு முதலில் நழுவிப்போவன இவ்வீறுகளே. இதழைப் பார்த்து அறியலாமே எனின், அதற்கும் எல்லை உண்டு. ‘படம்’, ‘மடம்’ இரண்டுக்கும் இதழ் ஒரே வகையாக மூடுகிறது. ‘வலி’, ‘வளி’, ‘வழி’ மூன்றின் வேறுபாடும் வாய்க்குள் மறைந்துள்ளது. ஆகவே, ஒரு மாணாக்கன் வேற்றுமை உருபிலும் விகுதியிலும் மட்டும் தொடர்ந்து பிழைசெய்கிறான் என்றால், அவன் இலக்கணம் அறியாதவன் என்று முடிவுகட்டுமுன் அவன் செவியை ஆராய்தல் வேண்டும். சொல்வதெழுதுதல் ஏடு எழுத்தறிவைக் காட்டுவது போலவே கேள்வித்திறனையும் காட்டவல்லது.

ஆராய்தற்கு எளிய முறையும் உண்டு. கனடாவில் பணியாற்றிய டேனியல் லிங் என்னும் அறிஞர் வகுத்த ஆறொலிச் சோதனை அது. ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்னும் ஒலிகளை, வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். குழந்தை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தாழ்ந்த சுரம் முதல் உயர்ந்த சுரம் வரை பேச்சின் பரப்பு முழுவதும் இவ்வாறு ஒலிகளில் அடங்கியுள்ளது. காதுக்கருவி அணிந்த குழந்தையிடம் காலைதோறும் இதனைச் செய்தால், மின்கலம் தீர்ந்ததையும் வியர்வை ஈரத்தால் கருவி அடைத்ததையும் பாடம் தொடங்குமுன்னே அறியலாம். குறை கண்டால் மருத்துவமனைக்கு அனுப்புதலே முறை. சோதனை ஐயத்தை எழுப்புமேயன்றி நோயை முடிவுசெய்யாது. சளியால் நடுச்செவியில் நீர்கட்டிய குழந்தை ஒரு வாரம் கேட்டு மறுவாரம் கேளாது இருப்பதும் உண்டு. அத்தகைய குழந்தையைச் சோம்பேறி எனல் பெரும்பிழை.

கருவி வருமுன்னும் செய்யத்தக்கன பல. குழந்தையை முன்வரிசையில், ஆசிரியர் முகம் தெரியும் இடத்தில் அமர்த்தலாம். கரும்பலகைப் பக்கம் திரும்பியபடி பேசாதிருக்கலாம். சன்னல் வெளிச்சம் முகத்தில் படுமாறு நிற்கலாம். சொல்லின் ஈற்றை விழுங்காமல் ஒலிக்கலாம். புதுச்சொல்லைச் சொல்வதோடு எழுதியும் காட்டலாம். ஒரு மாணவன் விடை கூறினால் அதனை ஆசிரியர் திரும்பச் சொல்லலாம். இவற்றுக்குச் செலவில்லை.

இம்முயற்சிக்குத் தமிழ் பற்றிய காரணமும் ஒன்று உண்டு. மலேசியாவின் சிறப்புக் கல்விப் பள்ளிகள் மலாய்மொழி வழியே கற்பிப்பன. குறை மிகுந்த குழந்தைக்கு அங்கே சைகைமொழியும் தோழமையும் கிடைக்கும். அதனைப் பெற்றோர் தயங்காமல் நாடுதல் வேண்டும். ஆனால், முன்வரிசையும் ஓர் ஒலிவாங்கியும் இருந்தால் தமிழ்ப்பள்ளியிலேயே கற்கக்கூடிய குழந்தையை, ‘மந்தம்’ என்ற பிழையான பெயரோடு கல்வியிலிருந்தே பின்தள்ளிவிடக் கூடாது. அக்குழந்தை அம்மாவோடும் பாட்டியோடும் பேசும் மொழியில் எழுதவும் படிக்கவும் உரிமை உடையது.

1954-இல் சாஆவுக்கும் பினாங்குக்கும் இடையே 500 கிலோமீட்டருக்கு மேல் இருந்த தொலைவை, இன்று ஆசிரியர் வாயருகே ஒரு சாண் தொலைவில் தொங்கும் சிறு கருவி பல குழந்தைகட்குக் குறைத்துத் தருகிறது. ஆனால், அது எந்தக் குழந்தைக்கு வேண்டும் என்பதைக் கருவி சொல்லாது. மழை கொட்டும் நாளில், எல்லாரும் புத்தகத்தைப் பார்க்கும்போது ஆசிரியர் முகத்தையே உற்றுநோக்கிக்கொண்டிருக்கும் குழந்தை யார் என்று கண்டுகொள்ள ஆசிரியர் ஒருவரே வல்லவர்.